பிள்ளையின் போனில் யாருடைய பிறந்த ஆண்டு?

இலங்கையின் வடக்கே பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடு தாண்டி ஒரு சின்னப் போன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோக்கொப்பி, டிஸ்பிளே மாற்றுவது, போன் நம்பருக்குக் காசு அனுப்புகிற ஈசி காஷ், பரீட்சை விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் ஒரே மேசையில்தான். எந்த வீட்டுப் பிள்ளையிடம் என்ன போன் இருக்கிறது என்பது பள்ளிக்கூட அதிபருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தாய்மார் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். “தம்பி, பிள்ளை கண்டதையும் பார்க்காத மாதிரி உதில ஏதும் போட்டுத் தாங்கோவன்.” போட்டுக் கொடுக்கலாம். அதற்கு முன்னர் நான் கேட்கும் கேள்விக்குத்தான் அநேகமாக ஒருவரிடமும் பதில் இருப்பதில்லை. “அக்கா, இந்தப் போனில இருக்கிற கணக்கில பிள்ளை எத்தனையாம் ஆண்டு பிறந்ததெண்டு கிடக்கு?”

எங்கள் பக்கம் பிள்ளையின் கைக்குப் போன் வருகிற வழிகள் சிலதான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டிப் பாடமெல்லாம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனபோது கடன்பட்டு வாங்கியது. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற மாமா புதுசு வாங்கியதும் பழசை ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டது. தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போகும்போது, முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று வாங்கி வைத்துவிட்டுப் போனது. எந்த வழியால் வந்தாலும் அதற்குள் இருக்கிற கூகுள் கணக்கு பிள்ளையின் வயதில் இருக்காது. மாமாவின் போனில் மாமாவின் கணக்கே கிடக்கும். கடையில் வாங்கியதென்றால் கடைக்காரப் பெடியன் அந்த இடத்திலேயே ஒரு ஜிமெயில் திறந்திருப்பான். பின்னால் ஆட்கள் நிற்பார்கள். பிறந்த ஆண்டு கேட்கிற இடத்தில் விரலால் ஒரு தள்ளுத் தள்ளுவான். அது 1990 இல் போய் நிற்கும், அல்லது 1988 இல். அவ்வளவுதான், பிள்ளையின் வயது முடிவாகிவிட்டது. பாஸ்வேர்ட் அதே போன் நம்பர். அதைப் போன் பெட்டியின் அடியில் பேனையால் எழுதியும் கொடுப்பான். பெட்டி அலுமாரிக்கு மேல் போய்விடும். பாஸ்வேர்ட் கடைக்காரனுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும்.

கம்பனிகள் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிற தடைகள் முக்கால்வாசியும் அந்தந்தக் கணக்கில் போட்ட பிறந்த ஆண்டை வைத்துத்தான் வேலை செய்கின்றன. டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவரின் கணக்கு திறக்கும்போதே தனிப்பட்டதாகத் திறக்கும். அந்த வயதில் உள்பெட்டிச் செய்தியே கிடையாது. 18 ஆகாமல் லைவ் போக முடியாது. இன்ஸ்டாகிராம் 2024 செப்டெம்பரில் பதின்ம வயதினருக்கென்று தனிக் கணக்கு முறை கொண்டுவந்தது. அதில் 16 க்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பெற்றோர் சம்மதம் இல்லாமல் கட்டுப்பாட்டைத் தளர்த்த ஏலாது. அங்கேயும் 1990 இல் பிறந்ததாகப் போட்ட உங்கள் எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதில் எதுவுமே பொருந்தாது. அவர் முப்பது தாண்டிய ஆள். சூதாட்ட விளம்பரமும் வரும், கலியாணத் தரகர் விளம்பரமும் வரும்.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 இலிருந்து 16 வயதுக்குட்பட்டவர்கள் இந்தத் தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி சட்டம் வந்துவிட்டது. அங்கே இருக்கிற சொந்தக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டு, “இஞ்சயும் உது வருமோ?” என்று கேட்கிறார்கள். வரட்டும், வராமல் போகட்டும். பிள்ளையின் வயதை உண்மையாகப் போடுவதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை.

பார்ப்பது இப்படி. செட்டிங்ஸுக்குள் கூகுள் என்பதைத் தொட்டால் கணக்கின் பெயர் வரும். அதற்குள் ‘பேர்சனல் இன்போ’ என்ற இடத்தில் பிறந்த திகதி இருக்கும். பிழையாக இருந்தால் திருத்திக்கொண்டிருப்பதைவிடப் புதிதாகத் தொடங்குவதுதான் சுகம். தாயின் போனில் தாயின் சொந்த ஜிமெயில் இருக்க வேண்டும், பாஸ்வேர்ட் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் கூகுளின் ‘ஃபெமிலி லிங்க்’ செயலியை இறக்கி, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதற்குள்ளிருந்தே சரியான பிறந்த திகதியோடு ஒரு கணக்குத் திறக்கலாம். அதற்கு மேற்பட்ட பிள்ளை என்றால் சரியான பிறந்த திகதியோடு தனிக் கணக்குத் திறந்து, பிள்ளையின் சம்மதத்தோடு அதில் இணைக்கலாம். காசு இல்லை. அதன் பிறகு பிள்ளை எதை இறக்கப் பார்த்தாலும் தாயின் போனுக்குக் கேள்வி வரும். இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதையும் தாயே வைத்துவிடலாம். மாமா அனுப்பிய ஐபோன் என்றால் ‘ஸ்கிரீன் டைம்’ என்று அதற்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

அம்மம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, தாய் வெளிநாட்டில் என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். தாய் வெளிநாட்டில் இருந்தும் இது வேலை செய்ததை நான் கண்டிருக்கிறேன். குவைத்தில் இருக்கிற ஒரு அக்காவுக்குப் போனிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்லிச் செய்வித்தேன். இங்கே இரவு 9 மணிக்கு மகனின் போன் பூட்டும். அங்கே அப்போது பின்னேரம் 6.30. பூட்ட முதல் அவன் இன்னும் அரை மணித்தியாலம் கேட்டு மெசேச் போட்டால் அது அவவின் போனில் வந்து விழும். வேலை செய்கிற வீட்டுக் குசினியில் கோழி வெட்டிக்கொண்டு நின்றாலும் கையைத் துடைத்துவிட்டு, நேரத்தைக் கூட்டிவிடுகிறா, அல்லது இல்லை என்கிறா. “கிட்ட இருந்து வளர்க்கிற மாதிரிக் கிடக்கு தம்பி” என்றா. இரண்டு வருடமாக மகனோடு அவவுக்கு இருந்த கதை, “சாப்பிட்டியா, படிச்சியா” மட்டும்தான். இப்போது தினமும் ஒரு அரை மணித்தியாலத்துக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். அது நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது.

எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து டிக்டொக் போட்டுத் தரச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். டிக்டொக், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வட்ஸ்அப் எதிலும் பிள்ளை தானாகக் கணக்குத் திறக்க ஆகக் குறைந்த வயது 13. நான் மாட்டேன் என்றால் அடுத்த சந்தியில் போட்டுக் கொடுப்பார்கள் என்பதும் தெரியும். சோறு தீத்த யூடியூப் வேண்டும் என்றால் ‘யூடியூப் கிட்ஸ்’ இறக்கிக் கொடுக்கிறேன். அதற்குமேல் அந்த வயதுக்கு ஒன்றும் தேவையில்லை.

வட்ஸ்அப் வேறு கதை. பள்ளிக்கூடக் குழு, ரியூசன் குழு, விளையாட்டுக் கழகக் குழு என்று எல்லாவற்றுக்குள்ளும் பிள்ளையின் நம்பர் கிடக்கிறது. 200 பேர் இருக்கிற ரியூசன் குழுவில் யார் யார் என்று ரியூசன் மாஸ்டருக்கே தெரியாது. அதனால் வட்ஸ்அப்பின் ‘பிரைவசி’ பகுதியில், முகப்புப் படத்தை யார் பார்க்கலாம், குழுவில் யார் சேர்க்கலாம் என்ற இரண்டையும் ‘மை கொன்டக்ட்ஸ்’ என்று வைத்துவிடச் சொல்கிறேன். தெரியாத நம்பரின் அழைப்பைச் சத்தமில்லாமல் ஆக்குகிற வசதியும் அதே இடத்தில்தான். தொலைபேசிக்கு எஸ்எம்எஸ்ஸில் வருகிற ஆறு இலக்க உறுதிப்படுத்தும் எண்ணை யார் கேட்டாலும், “ரீச்சர் கேக்கிறா” என்று கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, தாய்மாருக்கு அறவே தெரியாதது. வட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்று ஓரிடம் இருக்கிறது. பிள்ளையின் போனை ஒரு நிமிடம் வாங்கி, வேறொரு கணினியில் தெரிகிற சதுரக் குறியை (கியூஆர் கோட்) அந்தப் போனால் ஸ்கான் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு பிள்ளைக்கு வருகிறதும் போகிறதும் அங்கேயும் தெரியும். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் போனை டிஸ்பிளே மாற்றத் தாய் கொண்டுவந்தா. பேச்சோடு பேச்சாக, “இவள் சிநேகிதியோட கதைக்கிறதெல்லாம் ஆரோ ஒருத்தனுக்குத் தெரியுது தம்பி, அவன் திருப்பி மெசேச் போடுறான், செய்வினை எண்டு கோயிலுக்கும் போட்டு வந்திட்டம்” என்றா. அந்த இடத்தைத் திறந்து காட்டினேன். ஒரு கணினி இணைந்து கிடந்தது, கடைசியாக வேலை செய்தது அன்று காலை. பிள்ளை பார்த்த உடனேயே ஆளைச் சொல்லிவிட்டாள். பாட்டு ஏற்றித் தருகிறேன் என்று போனை வாங்கிய உறவுக்காரப் பெடியன். ‘லொக் அவுட்’ அழுத்த ஒரு நொடி. வாரத்தில் ஒரு தடவை அந்த இடத்தைத் திறந்து பார்க்கப் பழக்கிவிட்டால் பிள்ளைக்கே அது கைவந்துவிடும்.

இனி நான் சொல்லப்போவது வேறு ஊரில் பெரிதாக இராது. எங்களிடம் இருக்கிறது.

யூடியூப்காரர் உதவி வீடியோ எடுக்க வருகிறார்கள். தகரக் கொட்டில், நோயாளித் தகப்பன், காணாமல் ஆக்கப்பட்ட கணவன், படிக்கிற பிள்ளை. பிள்ளையைக் கமராவுக்கு முன் இருத்தி, என்ன பெயர், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் ஆண்டு, என்னவாக வர விருப்பம் என்று கேட்பார்கள். பிள்ளை அழும். அழுதால் நிறையப் பேர் பார்ப்பார்கள். கீழே தாயின் போன் நம்பரும் வங்கிக் கணக்கிலக்கமும் ஓடும். இந்த வீடியோக்களால் கிணறு வெட்டுப்பட்டிருக்கிறது, மலசலகூடம் கட்டுப்பட்டிருக்கிறது, கம்பஸ் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த எங்கட சனத்தின் மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வளர்கிற பிள்ளையின் முகம், பெயர், பள்ளிக்கூடம், வறுமை, தொலைபேசி நம்பர் எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் உலகம் முழுவதற்கும் கொடுத்துவிட்டு, பிறகு ஃபெமிலி லிங்க் போட்டு என்ன பயன்?

அப்படி ஒரு வீடியோ வந்த வீட்டுத் தாய் கொஞ்ச நாளில் கடைக்கு வந்தா. ரீலோட் போட வேண்டியதில்லையாம், வெளிநாட்டிலிருந்து ஒரு ஐயா மகளின் நம்பருக்கே போட்டுவிடுகிறாராம். மகளின் போன் நம்பர் அவருக்கு எப்படிப் போனது? அவர் கேட்டாராம், படிப்பு விசயம் நேரடியாகப் பிள்ளையோடு கதைத்தால்தான் விளங்கும் என்று. முதலில் தாயோடும் கதைத்தார். பிறகு பிள்ளையோடு மட்டும். பிறகு இரவில். பிறகு வீடியோவில். “மகள் மாதிரி எண்டுதான் சொல்லுறார்” என்று தாயே எனக்குச் சொன்னா. சொல்லும்போது அவவின் குரல் இறங்கிவிட்டது. மாதம் 15,000 ரூபா வருகிற இடம் அது. அதை எப்படிக் கேள்வி கேட்பது என்பதுதான் அவவின் பயம்.

நான் தாயிடம் சொன்னது, காசை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, வழியை மாற்றச் சொல்லுங்கோ என்றுதான். காசு தாயின் வங்கிக் கணக்குக்கு வரட்டும், அல்லது பாடசாலை அதிபர் ஊடாக வரட்டும். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை மூன்று மாதத்துக்கொருக்கால் தாய் அனுப்புவா. கதைப்பதென்றால் தாயின் போனில், தாய் பக்கத்தில் இருக்க, பகலில். உண்மையாகப் படிப்புக்குத் தருகிறவர் இதற்குச் சந்தோசப்படுவார். அவ அப்படியே எழுதி அனுப்பினா. அந்த மாதத்தோடு காசு நின்றது. அந்த மனிதர் என்ன நினைத்திருந்தார் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்தக் குடும்பத்துக்குப் பிறகு மகளிர் சங்கம் ஊடாகச் சுவிஸிலிருந்து ஒரு குடும்பம் உதவுகிறது. அவர்கள் பிள்ளையின் முகத்தைக்கூடக் கேட்டதில்லை.

வீடியோ எடுக்க வருகிறவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பிள்ளையின் முகத்தைக் காட்டாமல், பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லாமல், தாயை மட்டும் வைத்து எடுக்கலாம். சீருடையைக் கழற்றிவிட்டு வரச் சொல்லலாம், சீருடைப் பட்டியைப் பார்த்தாலே எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்துவிடும். அதற்குச் சம்மதிக்காதவன் உதவி செய்ய வரவில்லை, வீடியோ எடுக்க வந்திருக்கிறான்.

பெடியளைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. “பெடியன்தானே, அவனுக்கு என்ன நடக்கப்போகுது?” அப்படித்தான் எல்லாரும். கடையில் நான் கண்டதில் ஆகப் பெரிய பயம் ஒரு பெடியனின் முகத்தில்தான் இருந்தது.

ஓ லெவல் படிக்கிறவன். போனில் ஃபிரீ ஃபயர் விளையாடுவான், விளையாட்டுக்குள் டயமண்ட் வாங்க அவ்வப்போது ரீலோட் போட வருவான், அதனால் பழக்கம். ஒரு கிழமையாக ஈசி காஷ் போட வந்துகொண்டிருந்தான். ஒரே நம்பருக்கு. முதல் நாள் 2,000. பிறகு 3,000. மூன்றாம் முறை சில்லறையாகக் கொண்டுவந்தான், 100 ரூபாத் தாள்களும் 20 ரூபாத் தாள்களும், றப்பர் பான்ட் போட்டு. அந்தக் கட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது தாயின் சீட்டுக்காசு. எண்ணுகிற சாட்டில் நேரம் எடுத்தேன். அவனின் போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தரம் அதிரும்போதும் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

“ஆருக்குத் தம்பி போடுறாய்?”

“சிநேகிதனுக்கு அண்ணை.”

“சிநேகிதன் உன்னை வெருட்டுறானோ?”

அவ்வளவுதான் கேட்டேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கதை வந்தது. விளையாட்டுக்குள் பழக்கமான ‘பெட்டை’, இரண்டு கிழமை நல்ல கதை, ஓசியில் டயமண்ட், பிறகு வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. அங்கே தெரிந்தது எங்கிருந்தோ எடுத்த ஒரு பெண்ணின் படம். இவன் பக்கம் நடந்ததை அவர்கள் பதிந்துவிட்டார்கள். அடுத்த நிமிடம் அவனுடைய பேஸ்புக் நண்பர் பட்டியலின் ஸ்கிரீன்சொட் வந்திருக்கிறது, அக்காவின் பெயருக்குக் கீழே கோடு போட்டு. காசு போடு, இல்லாவிட்டால் முதலில் அக்காவுக்கு.

காசு போட்டால் நிறுத்துவார்கள் என்று அவன் நம்பினான். போடப் போடத்தான் கேட்பார்கள், ஏனென்றால் இவன் போடுகிறவன் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் காசை நான் அனுப்பவில்லை. முதலில் மிரட்டல் செய்திகள், அனுப்பிய நம்பர், காசு போன நம்பர், திகதி நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்சொட் எடுத்தோம். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடத்தான் பிள்ளைகள் முதலில் பார்ப்பார்கள். அழித்தால் முறைப்பாட்டுக்குக் கையில் ஒன்றும் இராது. பிறகு அந்தக் கணக்குகளை முறைப்பாடு செய்து, தடுத்து, பேஸ்புக்கின் நண்பர் பட்டியலை ‘ஒன்லி மீ’ ஆக்கினோம். பதில் எழுதக் கூடாது, கெஞ்சக் கூடாது, திட்டவும் கூடாது.

18 வயதுக்குட்பட்டவர்களின் இப்படியான படங்களுக்கென்று ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான தேசிய நிலையம் 2023 பெப்ரவரியில் தொடங்கியது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. படம் போனிலேயே இருக்க, அதிலிருந்து ஒரு அடையாள எண் மட்டும் எடுக்கப்பட்டு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏற்றப்பட்டால் அவர்கள் கண்டுபிடித்து நிறுத்தலாம். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை அது தடுக்காது. படம் பிள்ளையின் கையிலேயே இருந்தால்தான் அது உதவும். அவனிடம் இருக்கவில்லை, பதிந்தது மற்றவர்கள்.

இதெல்லாம் கொஞ்ச நேர வேலை. கஷ்டமானது அடுத்தது. “வீட்டில ஆருக்குச் சொல்லுவம்?” என்று கேட்டேன். “அப்பாக்குத் தெரிஞ்சா அடிச்சே கொண்டுபோடுவார் அண்ணை.” அம்மா கார்மென்ட்ஸ் முடிந்து வர இருட்டிவிடும், அவவுக்குச் சொன்னால் அழுதே ஊருக்குத் தெரியப்பண்ணிவிடுவா. “அப்ப ஆர்?” கனநேரம் யோசித்துச் சித்தப்பா என்றான். சித்தப்பா உழவு மெசினோடு வந்து இறங்கினார், உடம்பெல்லாம் சேறு. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பெடியனிடம் ஒன்றுதான் கேட்டார். “சாப்பிட்டியா?” பிறகுதான் அவன் அழுதான். தகப்பனுக்கு அன்றிரவு சித்தப்பாதான் சொன்னார். அடி விழவில்லை. அக்காவுக்கும் முன்கூட்டியே சொன்னார்கள், தெரியாத நம்பரிலிருந்து ஏதும் வந்தால் திறக்காமல் காட்டு என்று. அவளுக்குச் சொன்ன பிறகு மிரட்டுகிறவனிடம் விற்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. ஒரு தடவை புது நம்பரிலிருந்து வந்தான், பதில் இல்லை, போய்விட்டான்.

இந்த ஆட்களின் முதலீடே எங்கள் வீட்டுப் பயம்தான். பிள்ளைக்குத் தகப்பன் அடிப்பார், தாய் அழுவா, போனைப் பறிப்பார்கள், ஊர் கதைக்கும். இது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஏதும் நடக்க முதலே, நல்ல நாளொன்றில், வீட்டில் வாய் திறந்து சொல்லி வைக்கச் சொல்கிறேன். “ஆராவது உன்னை வெருட்டினா நீ என்ன செய்திருந்தாலும் என்னட்டச் சொல்லு, நான் அடிக்கமாட்டன், போனைப் பறிக்கமாட்டன்.” இதைச் சொல்லத் தகப்பன்மாருக்கு வாய் வராது. அப்படியானால் பிள்ளை நம்புகிற ஒரு மாமாவையோ பெரியம்மாவையோ சித்தப்பாவையோ காட்டி, “எனக்குச் சொல்ல ஏலாட்டி அவருக்குச் சொல்லு” என்றாவது சொல்லி வையுங்கோ. சொன்ன பிறகு அந்தச் சொல்லில் நிற்க வேண்டும். ஒரு தரம் மாறி நடந்தால் பிள்ளை இரண்டாம் தரம் வாயே திறக்காது.

பொம்பிளைப் பிள்ளைகளின் கதையில் இது இன்னும் மோசம். படம் ஒன்று வெளியே போனதாகக் கேள்விப்பட்டதும் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறார்கள். அல்லது அவசரமாக ஒரு மாப்பிள்ளை. எங்கிருந்து இந்தப் புத்தி வருகிறது என்று எனக்கு விளங்காமல் இல்லை. இந்தப் பிள்ளைகளின் தாய்மாரில் பலர் சண்டையின் கடைசி வருடங்களில் பதினாறு, பதினேழு வயதில் தாலி கட்டிவைக்கப்பட்டவர்கள். சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் காப்பாற்ற அதுதான் வழி என்று பெற்றோர் நினைத்த காலம். ஒளித்து வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றிய சனம் நாங்கள். ஆனால் படத்தைக் காட்டி மிரட்டுகிறவனுக்குப் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்ட பிள்ளை இன்னும் வசதி. வீட்டில் தனியே, சிநேகிதி இல்லை, ரீச்சர் இல்லை. குற்றம் செய்தவன் வேலைக்குப் போய்வருகிறான், பிள்ளை குசினிக்குள் இருக்கிறது. இதை நியாயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

படத்தை ஊருக்குள் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல். எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி 18 வயதுக்குக் குறைந்த ஒருவரின் ஆபாசப் படத்தை எடுப்பது மட்டுமல்ல, பரப்புவதும் பரப்புவதற்காக வைத்திருப்பதும் குற்றம். “பாருங்கோ இந்தப் பிள்ளை செய்த வேலையை” என்று குடும்பக் குழுவில் போட்ட பெரியப்பாவும் அதில் அகப்படுவார். முறைப்பாட்டுக்கு ஆதாரம் என்று சொல்லிப் படத்தை நாலு பேருக்கு அனுப்பவும் தேவையில்லை. மிரட்டல் செய்தியும் நம்பரும் போதும். படம் எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போனைப் பொலிஸிடம் காட்டலாம்.

முறைப்பாடு எங்கே? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, இலவசம், 24 மணித்தியாலமும், தமிழிலும் கதைக்கலாம். எடுக்க முதல் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கோ: பிள்ளையின் வயது, எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, என்ன நடந்தது, எப்போது தொடங்கியது, எந்த நம்பர். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு என்று தனியாக இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கோ. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பொலிஸுக்குப் போகப் பயந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு தாயோடு நான் போன ஓரிடத்தில் முதல் கேள்வியே “பிள்ளை ஏன் காட்டினது?” என்றுதான் வந்தது. தாய் எழும்பி வந்துவிடப் பார்த்தா. இருங்கோ அக்கா என்று இருத்தி, முறைப்பாட்டை எழுதுங்கோ, இலக்கத்தைத் தாங்கோ என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தோம். அந்த இலக்கம் இல்லாமல் எழும்பக் கூடாது. பிள்ளை சாப்பிடாமல், நித்திரை இல்லாமல், சாக வேண்டும் என்று கதைத்தால் படமும் முறைப்பாடும் பிறகு. பிள்ளையைத் தனியே விடாமல் 1926 க்கு அடியுங்கோ, அது மனநல உதவிக்கான இலக்கம். அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

கடைசியாக என்னுடைய தொழிலைப் பற்றி. பிள்ளைகளின் படங்கள் வெளியே போகிற வழிகளில் போன் திருத்துகிற கடையும் ஒன்று, அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. டிஸ்பிளே மாற்ற லொக் நம்பர் தேவையில்லை. மாற்றிய பிறகு தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்க, நீங்களே திறந்து காட்டலாம். புதிய சாம்சங் போன்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. போட்டுவிட்டுக் கொடுத்தால் திருத்துகிறவனுக்கு உங்கள் படம், செய்தி ஒன்றும் தெரியாது. வேலை முடியும்வரை முன்னால் இருக்க முடியுமென்றால் இருங்கோ. போனை விற்கும்போது கூகுள் கணக்கை எடுத்துவிட்டு முழுவதையும் அழித்துவிட்டுக் கொடுங்கோ. திருத்தக் கொடுப்பதென்றால் சிம்மையும் மெமரிக் காட்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கோ. என்னுடைய கடைக்கென்றாலும்தான்.